ஆவாரம்பூச் சாறு: மொத்த ஃபீனாலில் நீர்ச் சாறு முதலிடம், டிபிபிஎச்-சில் கடைசி இடம். எங்கே இடிக்கிறது?

#1 கரிசல்மேடு

வணக்கம் நண்பர்களே. ஆவாரை, அதாவது சென்னா ஆரிகுலேட்டா (பழைய ஆய்வுத் தாள்களில் காசியா ஆரிகுலேட்டா). நிழலில் உலர்த்திய பூப்பொடி 10 கிராம் வீதம் எடுத்து மூன்று சாறு: நீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்தது, 70 சதவீத மெத்தனாலில் 24 மணி நேரம் ஊறவைத்தது, எத்தில் அசிட்டேட்டில் ஊறவைத்தது.

மொத்த ஃபீனால், ஒரு கிராம் காய்ந்த சாற்றுக்கு காலிக் அமிலச் சமமாக: நீர் 148 மி.கி., மெத்தனால் 121, எத்தில் அசிட்டேட் 64.

மொத்த ஃபிளேவனாய்டு (ஃபீனாலிலேயே ஒரு வகை), குவெர்செட்டின் சமமாக: எத்தில் அசிட்டேட் 92, மெத்தனால் 41, நீர் 17.

டிபிபிஎச் (ஆன்டிஆக்சிடன்ட் பட்டால் நிறம் இழக்கும் ஊதா ரேடிக்கல்) ஐசி50, அதாவது அதில் பாதியை அணைக்கும் செறிவு, மி.லி.க்கு மைக்ரோகிராமில் (எண் குறைந்தால் வீரியம் அதிகம்): மெத்தனால் 58, எத்தில் அசிட்டேட் 110, நீர் 340. அஸ்கார்பிக் அமிலம் 13.4.

ஃபீனாலை அளந்த ஃபோலின் முறை: சாறு 0.5 மி.லி., பத்து மடங்கு நீர்த்த ஃபோலின் 2.5 மி.லி., 7.5 சதவீத சோடியம் கார்பனேட் 2 மி.லி., 45 டிகிரியில் 15 நிமிடம், 765 நானோமீட்டர். டிபிபிஎச்: சாறு 1 மி.லி., 0.1 மில்லிமோலார் டிபிபிஎச் 3 மி.லி., இருட்டில் 30 நிமிடம், 517 நானோமீட்டர்.

மூன்று கேள்வி. ஃபீனால் அதிகம் உள்ள நீர்ச் சாறு டிபிபிஎச்-சில் ஏன் இவ்வளவு பின்தங்குகிறது? மொத்த ஃபீனாலை விட ஃபிளேவனாய்டு அதிகமாக எப்படி வரும்? அஸ்கார்பிக் அமிலத்துக்கு வேறு தாள்களில் 3, 4 என்று பார்க்கிறேன். எனக்கு 13 ஏன்?

#2 குவெட்

பதில் சொல்வதற்கு முன் நாலு விவரம் வேண்டும்.

ஒன்று, ஒவ்வொரு சாற்றுக்கும் தனி சாம்பிள் பிளாங்க் (சாற்றின் சொந்த நிறத்தைக் கழிக்க வைக்கும் குழாய்) வைத்தீர்களா, இல்லை ரீஏஜென்ட் பிளாங்க் மட்டுமா? இரண்டு, ஐசி50-இல் சொல்லும் செறிவு குழாயில் நீங்கள் ஊற்றிய 1 மி.லி. கரைசலுடையதா, மொத்தம் 4 மி.லி. ஆன பிறகு உள்ளதா? மூன்று, சாறுகளை எதில் கரைத்தீர்கள்? நான்கு, விளைச்சல், அதாவது பொடியிலிருந்து கிடைத்த காய்ந்த சாறு, எத்தனை சதவீதம்?

#3 கரிசல்மேடு

ரீஏஜென்ட் பிளாங்க் மட்டும்தான். செறிவு, ஊற்றிய 1 மி.லி. கரைசலுடையது. நீர்ச் சாறு நீரில், மற்ற இரண்டும் மெத்தனாலில் கரைத்தவை. எத்தில் அசிட்டேட் சாற்றில் கொஞ்சம் மெழுகு மாதிரி மிதந்தது. விளைச்சல்: நீர் 31, மெத்தனால் 24, எத்தில் அசிட்டேட் 4.5 சதவீதம்.

#4 குவெட்

அப்படியானால் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஸ்டாண்டர்ட் (ஒப்பிட வைக்கும் அஸ்கார்பிக் அமிலம்) சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் சாற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அஸ்கார்பிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு டிபிபிஎச் மூலக்கூறுகளை அணைக்கும். இந்தக் கணக்கு உங்கள் கையில் இருந்தால் யாருடைய தாளையும் சரிபார்த்துவிடலாம். உங்கள் குழாயில் 3 மி.லி. டிபிபிஎச் 4 மி.லி. ஆகிறது, 0.1 மில்லிமோலார் 0.075 ஆகிறது. அதில் பாதியை, அதாவது 0.0375-ஐ அணைக்க 0.01875 மில்லிமோலார் அஸ்கார்பிக் அமிலம் போதும். மூலக்கூறு எடை 176.12. பெருக்கினால் மி.லி.க்கு 3.3 மைக்ரோகிராம். உங்களுடைய 13.4-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள்: 3.35. உங்கள் ஸ்டாண்டர்ட், டிபிபிஎச், பிப்பெட் மூன்றும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. வித்தியாசம் எல்லாம் செறிவை எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதில். தாளில் எழுதும்போது இறுதிச் செறிவையே எழுதுங்கள்: மெத்தனால் 14.5, எத்தில் அசிட்டேட் 27.5, நீர் 85.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். இறுதி டிபிபிஎச் 0.05 மில்லிமோலார் ஆனால் அஸ்கார்பிக் அமிலத்தின் ஐசி50 2.2 ஆகிவிடும்; 0.1 ஆனால் 4.4. ஆக ஐசி50 என்பது செடியின் குணம் மட்டும் இல்லை, நீங்கள் ஊற்றிய டிபிபிஎச்-சின் அளவும் அதில் இருக்கிறது. அதைச் சொல்லாத ஐசி50-ஐ இன்னொரு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. அஸ்கார்பிக் அமிலத்துக்கு 40, 50 என்று அச்சடித்துவிட்டு 'எங்கள் சாறு அஸ்கார்பிக் அமிலத்தை விட வீரியமானது' என்று முடிக்கும் தாள்களை நிறையப் பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே அஸ்கார்பிக் அமிலக் கரைசல் பழசு, அல்லது செறிவு நீர்த்தலுக்கு முந்தையது.

#5 நிறமாலை

குவெட் சொன்னதோடு சேர்த்து: சாறு சேர்க்காத டிபிபிஎச் கட்டுப்பாட்டுக் குழாயின் ரீடிங் என்ன வந்தது? 0.075 மில்லிமோலாருக்கு 0.8 முதல் 0.9 வரை வரவேண்டும். 0.6-க்குக் கீழே என்றால் படிகம் முழுசாகக் கரையவில்லை, அல்லது வெளிச்சம் பட்டிருக்கிறது.

0.1 மில்லிமோலார் டிபிபிஎச் கலக்க 100 மி.லி.க்கு 3.94 மி.கி. நிறுக்க வேண்டும், மூன்று தசமத் தராசில் அது நடக்காது. 39.4 மி.கி. எடுத்து 100 மி.லி. மெத்தனாலில் 1 மில்லிமோலாராகக் கரைத்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் சில நிமிடம் வைத்து, பிறகு பத்து மடங்கு நீர்க்க வேண்டும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

#6 கரிசல்மேடு

கட்டுப்பாடு 0.84. ஸ்டாண்டர்ட் தப்பித்தது, நன்றி. அப்படியானால் நீர்ச் சாறுதான் உண்மையிலேயே பலவீனமா?

#7 நிறமாலை

அப்படிச் சொல்லிவிட முடியாது. நீர்ச் சாறு ஊற்றிய குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல் நூலாகவோ, லேசான பால் போலவோ கலங்கியிருக்கும்.

பூவைக் கொதிக்கவைக்கும்போது வழவழப்பான கோழையும் பெக்டினும் புரதமும் சேர்ந்தே இறங்குகின்றன. நீர் விளைச்சல் 31 சதவீதம் வந்ததே அதனால்தான். அந்தக் கரைசல் 1 மி.லி.யை 3 மி.லி. மெத்தனாலில் ஊற்றினால் 75 சதவீத ஆல்கஹால். பாலிசாக்கரைடை வீழ்படிவாக்க ஆய்வகத்தில் நாம் வேண்டுமென்றே செய்யும் வேலை இது. கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும், 517-இல் ரீடிங் கூடும், மீட்டர் அதை 'டிபிபிஎச் இன்னும் மிச்சம் இருக்கிறது' என்று படிக்கும். செறிவைக் கூட்டக் கூட்டக் கலங்கலும் கூடுவதால் தடுப்பு சதவீதம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. உங்கள் நீர்ச் சாற்று வளைவு 60, 65 சதவீதத்தில் மட்டமாகிவிட்டதா?

செய்ய வேண்டியது: நீர்ச் சாறு 1 பங்கு, குளிர்ந்த மெத்தனால் 3 பங்கு, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம், பிறகு சென்ட்ரிஃபியூஜ். தெளிவை மட்டும் எடுத்து டிபிபிஎச்-சுக்குப் போங்கள். நான்கு மடங்கு நீர்த்ததைக் கணக்கில் சேருங்கள். கூடவே சாம்பிள் பிளாங்க்: அதே சாறு 1 மி.லி., டிபிபிஎச் இல்லாத மெத்தனால் 3 மி.லி. இதன் ரீடிங்கைச் சாற்றுக் குழாயின் ரீடிங்கிலிருந்து கழித்த பிறகே கட்டுப்பாட்டோடு வகுக்க வேண்டும். ஒவ்வொரு செறிவுக்கும் ஒரு பிளாங்க், சோம்பல்பட முடியாது.

ஒரு எச்சரிக்கை. வீழ்படிவோடு கொஞ்சம் டானினும் (துவர்ப்பான ஃபீனால் வகை) போகும், புரதத்தைப் பிடித்துக்கொண்டு. அடியில் தங்கியதை 70 சதவீத அசிட்டோனில் கலக்கி, அசிட்டோனைப் போக்கிவிட்டு ஃபோலின் போட்டால் எவ்வளவு போயிற்று என்று தெரிந்துவிடும்.

#8 கரிசல்மேடு

ஆமாம், 63 சதவீதத்தில் நின்றுவிட்டது! மெத்தனால் சாறு 92 வரை போகிறது.

#9 பியூரெட்

ஃபோலின் பக்கம் நான் வருகிறேன். 148 என்ற எண்ணையே நான் நம்பவில்லை.

ஃபோலின் ரீஏஜென்டுக்கு ஃபீனாலை அடையாளம் காணத் தெரியாது. பாஸ்போமாலிப்டிக், பாஸ்போடங்ஸ்டிக் அமிலக் கலவை அது. எலக்ட்ரான் கொடுக்கும் எதனிடமும் வாங்கிக்கொண்டு நீலமாகும். 1927-இல் ஃபோலினும் சியோகால்டுவும் வெளியிட்டதே புரதத்திலுள்ள டைரோசினையும் டிரிப்டோபனையும் அளக்கத்தான். ஃபீனாலுக்கு என்று அதைச் சிங்கிள்டனும் ராசியும் ஒழுங்குபடுத்தியது 1965-இல், அதுவும் ஒயினுக்காக. ஒயினில் புரதம் குறைவு. கொதிக்கவைத்த பூவில் அப்படி இல்லை.

உங்கள் முறையில் இரண்டு இடம் உறுத்துகிறது. 45 டிகிரி 15 நிமிடம் வேகமான முறைதான், ஆனால் காரத்தில் சூடாக்கும்போது ஒடுக்கும் சர்க்கரைகளும் வினைபுரியத் தொடங்கும். பூ என்றாலே தேன் உண்டு; குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நீர்ச் சாற்றில்தான் சேரும். அறை வெப்பத்தில் இருட்டில் 2 மணி நேரம் வையுங்கள். நேரம் போகும், சர்க்கரையின் குறுக்கீடு குறையும்.

அடுத்தது வரிசை. ஃபோலின் முதலில், 3 முதல் 5 நிமிடம் கழித்து கார்பனேட். மாற்றிப் போட்டால் காரத்தில் ரீஏஜென்டே சிதைந்துவிடும், நீலம் குறைந்து வரும். ஃபோலின் ஊற்றிய கையோடு, கார்பனேட்டுக்கு முன்பே நீலம் தட்டினால் அது அஸ்கார்பிக் அமிலத்தின் வேலை. ஃபீனால் காரத்தில்தான் வேகமாக வினைபுரியும். செலவில்லாத சோதனை, எல்லாக் குழாயிலும் ஒரு பார்வை பாருங்கள். ரீஏஜென்ட் பாட்டில் மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சை ஓடியிருந்தால் அது ஏற்கெனவே ஒடுக்கப்பட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள்.

உங்கள் அளவுகளில் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் காலிக் அமிலத்துக்கு ரீடிங் 1-ஐ ஒட்டி வர வேண்டும். காலிக் அமில அளவீட்டுக் கோட்டுக்கு வெளியே போகும் சாற்றை நீர்த்துத் திரும்பப் போடுங்கள், கோட்டை நீட்டிக் கணக்குப் போடாதீர்கள்.

சர்க்கரையை நிஜமாகவே ஒதுக்க வேண்டுமானால் சி18 கேட்ரிட்ஜ், அதாவது ஃபீனாலைப் பிடித்துக்கொண்டு சர்க்கரையை விட்டுவிடும் சிறு குழல். முதலில் மெத்தனால், பிறகு லேசாக அமிலமாக்கிய நீர் ஓட்டித் தயார் செய்யுங்கள். சாற்றையும் அமிலமாக்கிச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். 0.01 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமில நீரால் கழுவினால் சர்க்கரை, அஸ்கார்பிக் அமிலம், சிட்ரிக் அமிலம் எல்லாம் போய்விடும். மெத்தனால் ஊற்றி இறக்குவதுதான் ஃபீனால். கழுவிய நீருக்கும் ஃபோலின் போடுங்கள். அதில் வரும் நீலம்தான் உங்களுடைய 148-இல் கலந்திருக்கும் பொய். காலிக் அமிலம் போன்ற சின்ன மூலக்கூறு கொஞ்சம் கழுவலோடு போகலாம் என்பதால், தெரிந்த அளவு காலிக் அமிலத்தை ஒரு கேட்ரிட்ஜில் ஓட்டி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#10 தோல்ஷாப்பு

கேட்ரிட்ஜ் விலைக்கு எல்லா ஆய்வகத்திலும் கட்டுப்படி ஆகாதுங்க. பிவிபிபி (ஃபீனாலைப் பிடிக்கும், கரையாத பாலிமர்) பொடி போட்டால் போதாதா? 100 மி.கி. பிவிபிபி, 1 மி.லி. நீர், 1 மி.லி. சாறு, 4 டிகிரியில் 15 நிமிடம், 3000 ஜி-யில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். மேலே நிற்பதை முதல் ரீடிங்கிலிருந்து கழித்துவிடலாமே.

#11 பியூரெட்

அது வேறு கேள்விக்குப் பதில், தோழர். பிவிபிபி பிடிப்பது டானினை. மேலே நிற்கும் நீரில் சர்க்கரையும் இருக்கும், டானின் அல்லாத எளிய ஃபீனால்களும் இருக்கும். கழித்தால் கிடைப்பது டானின் அளவு. பட்டைக்கு அது அருமையான முறை, பூவுக்குப் பாதிப் பதில்தான். நீர்த்ததை இரண்டால் பெருக்கவும் மறக்கக் கூடாது.

#12 தோல்ஷாப்பு

பட்டை என்றதும் ஒரு வார்த்தை. ஆவாரம் பட்டை பதனிடும் தொழிலின் பழைய சரக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பக்கம் வாட்டில் பட்டை வந்து இடத்தைப் பிடிக்கும் வரை தோலை ஊறவைத்ததே இதில்தான். இந்தச் செடியில் டானின் எங்கே குவிந்திருக்கிறது என்று தொழிலுக்கு முன்பே தெரியும். பூவோடு காம்பும் சின்னக் குச்சியும் சேர்ந்து அரைபட்டால் ஃபீனால் எண் ஏறும், அதைப் பூவின் பெருமை என்று எழுதிவிடுவார்கள். கரிசல்மேடு நண்பர் புல்லிவட்டத்தையும் காம்பையும் நீக்கினாரா?

பட்டைக்குப் போகிறவர்கள் மெத்தனாலை விட்டுவிட்டு 70 சதவீத அசிட்டோன் எடுங்கள். செறிவு டானின் (கண்டென்ஸ்டு டானின் என்ற வகை) புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும், அதை அசிட்டோனும் நீரும் சேர்ந்த கலவைதான் நன்றாகப் பிரிக்கும். அளவிட பியூட்டனால்–ஹைட்ரோகுளோரிக் முறை: சாறு 0.5 மி.லி., 95-க்கு 5 என்று கலந்த பியூட்டனால்–அமிலம் 3 மி.லி., 2 சதவீத ஃபெரிக் அம்மோனியம் சல்பேட் 0.1 மி.லி., கொதிநீரில் ஒரு மணி நேரம், 550 நானோமீட்டர். இளஞ்சிவப்பு வந்தால் செறிவு டானின். சூடாக்காத குழாய்தான் பிளாங்க். அசிட்டோன் மிச்சம் இருந்தால் நிறம் மாறும், போக்கிவிட்டுச் செய்யுங்கள்.

இரும்பு உரல், இரும்புச் சட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. சாறு கறுத்துப்போகும், அளவும் கெடும்.

#13 ஊமத்தங்காடு

செடி அடையாளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. மஞ்சள் பூ என்றாலே ஆவாரை ஆகிவிடாது. நாட்டுமருந்துக் கடையில் 'ஆவாரம்பூ' என்று காய்ந்து கிடப்பதில் கொன்றை இதழ் கலந்திருப்பதுண்டு. செடியிலேயே பறித்தால் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள்: ஆவாரையில் அகன்ற, காது மடல் போன்ற இலையடிச் செதில் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும், உதிராது. சிற்றிலைச் சோடிகளுக்கு நடுவே ஒவ்வொரு இடத்திலும் குச்சி போன்ற ஒரு சுரப்பி இருக்கும், கைலென்ஸில் தெரியும். காய் தட்டை, காகிதம் மாதிரி. சரக்கொன்றையில் இது எதுவும் இல்லை.

பூவும் காயும் உள்ள கிளையை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியத்தில் கொடுத்து எண் வாங்கிவிடுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தெற்கு மண்டல மையம் இருக்கிறது, திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அந்த எண் இல்லாமல் தாளை அனுப்பினால் முதல் சுற்றிலேயே திரும்பி வரும்.

உலர்த்துவதிலும் பாதி பேர் கோட்டை விடுகிறார்கள். குவியலாகப் போட்டால் உள்ளே ஈரம் நின்று பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் வேலை செய்யும். மஞ்சள் பூ பழுப்பாகிவிட்டதென்றால் அங்கேயே ஃபீனால் போய்விட்டது. ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில், அல்லது 40 டிகிரிக்கு மேல் போகாத அவனில். இதழ் விரல் நடுவே நொறுங்க வேண்டும். பிறகும் பொடியில் ஈரம் இருக்கும்; 2 கிராம் தனியாக எடுத்து 105 டிகிரியில் எடை நிலையாகும் வரை வைத்து ஈரப்பதத்தைக் கழியுங்கள். அந்த 2 கிராமைத் திரும்பச் சாற்றுக்குப் போடாதீர்கள்.

#14 நிறமாலை

ஃபிளேவனாய்டு கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கிறது. 64 மி.கி. ஃபீனாலுக்குள் 92 மி.கி. ஃபிளேவனாய்டு. எந்த முறை? 415 நானோமீட்டரா, 510-ஆ?

#15 கரிசல்மேடு

415. சாறு 0.5 மி.லி., 2 சதவீத அலுமினியம் குளோரைடு 0.5 மி.லி., ஒரு மணி நேரம். காம்பு நீக்கியிருக்கிறேன், புல்லிவட்டம் நீக்கவில்லை.

#16 நிறமாலை

எதிர்பார்த்தேன். ஆவாரம்பூ இதழின் மஞ்சளில் கரோட்டினாய்டுக்கும் பங்கு உண்டு. அது நீரில் இறங்காது. எத்தில் அசிட்டேட்டில் அப்படியே இறங்கும். கரோட்டினாய்டின் உச்சம் 450-ஐ ஒட்டி, ஆனால் 415-இலும் பலமாக உறிஞ்சும். அலுமினியம் ஊற்றாத குழாயைப் பிளாங்காக வைக்கவில்லை என்றால் பூவின் நிறம் முழுவதும் 'குவெர்செட்டின்' கணக்கில் போய்ச் சேரும். அலுமினியத்துக்குப் பதில் வெறும் மெத்தனால் 0.5 மி.லி. ஊற்றிய குழாயைக் கழியுங்கள். மிதக்கும் மெழுகையும் முதலிலேயே ஹெக்சேனால் கழுவி எடுத்துவிட்டால் கரோட்டினாய்டில் பெரும்பகுதி அதோடு போய்விடும். அப்புறம்தான் எத்தில் அசிட்டேட்.

பிளாங்க் வைத்த பிறகும் இரண்டு எண்ணையும் நேரடியாகக் கழித்து 'மீதி ஃபீனாலிக் அமிலம்' என்று எழுதாதீர்கள். ஒன்று காலிக் அமில அளவுகோல், மற்றது குவெர்செட்டின் அளவுகோல். 415 முறை ஃபிளேவோன், ஃபிளேவனால் இவற்றைத்தான் பிடிக்கும். கேட்டச்சினும் ஃபிளேவனோனும் அதில் விழாது.

'அப்படியானால் 510 முறைக்கு மாறுகிறேன்' என்று கிளம்பாதீர்கள். சோடியம் நைட்ரைட், அலுமினியம், கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடு. சென்னா பேரினத்தில் ஆந்த்ராகுவினோன்கள் உண்டு, நிலவாகையில் மலமிளக்கும் பொருளே அந்த வகைதான். ஹைட்ராக்சி ஆந்த்ராகுவினோன் காரம் பட்டால் சிவக்கும். மருந்தியல் ஆய்வகத்தில் போர்ன்ட்ரேகர் சோதனை என்று இதையே செய்கிறோம். அந்தச் சிவப்பு விழுவது 500, 510 பக்கம். உங்கள் சாற்றில் இரண்டு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பாருங்கள். சிவந்தால் இந்தச் செடிக்கு 510 முறை ஆகாது.

#17 மண்பானை

இவ்வளவு கெமிஸ்ட்ரி எனக்குப் புரியாது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பார்கள். தினமும் ஆவாரம்பூத் தேநீர் குடிக்கிறோம். ஆன்டிஆக்சிடன்ட் எந்தச் சாற்றில் அதிகம் என்று மட்டும் சொல்லுங்களேன். சர்க்கரைக்கும் நல்லதாமே?

#18 குவெட்

தேநீர் என்றால் அது நீர்ச் சாறுதான், ஐயா. ஆனால் இந்த இழையில் பேசும் எண் எதையும் டம்ளருக்கு மாற்ற முடியாது. டிபிபிஎச் என்பது உடம்பில் எங்குமே இல்லாத ஊதா நிற ரேடிக்கல், மெத்தனாலில் மிதக்கிறது. குவெர்செட்டின் மாதிரியானவை குடலிலும் கல்லீரலிலும் குளுகுரோனைடாகவும் சல்பேட்டாகவும் மாறித்தான் ரத்தத்துக்கு வருகின்றன, அதுவும் மிகக் குறைந்த செறிவில். அமெரிக்க வேளாண் துறை உணவுகளுக்கு ஓஆர்ஏசி எண் (குழாயில் அளக்கும் ஆன்டிஆக்சிடன்ட் திறன்) போட்டு ஒரு பட்டியலே வைத்திருந்தது. குழாயில் வரும் எண்ணை உடல்நலத்தோடு முடிச்சுப் போட்டு வியாபாரம் நடக்கிறது என்று 2012-இல் அதை எடுத்துவிட்டது.

சர்க்கரை விஷயம்: ஆவாரம்பூச் சாறு எலிகளில் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாகச் சோதனைகள் உண்டு. அதனாலேயே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தினமும் குடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து தாழ்சர்க்கரை வரலாம். டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

#19 மண்பானை

சரி ஐயா. வீட்டில் ஒருவருக்கு மாத்திரை ஓடுகிறது, கேட்டுக்கொள்கிறோம்.

#20 கரிசல்மேடு

திரும்ப ஓட்டியாயிற்று. நீர்ச் சாற்றை மெத்தனாலில் தெளியவைத்து, எல்லாச் செறிவுக்கும் சாம்பிள் பிளாங்க் வைத்தேன். ஐசி50, இறுதிச் செறிவில்: மெத்தனால் 13.8, நீர் 24, எத்தில் அசிட்டேட் 26. நீர்ச் சாற்று வளைவு இப்போது 88 சதவீதம் வரை ஏறுகிறது.

ஃபோலின், கேட்ரிட்ஜுக்குப் பிறகு, அறை வெப்பத்தில் 2 மணி நேரம்: நீர் 83, மெத்தனால் 108. எத்தில் அசிட்டேட்டைக் கேட்ரிட்ஜில் விடவில்லை, 61. ஃபிளேவனாய்டு பிளாங்க் கழித்தபின் எத்தில் அசிட்டேட் 33. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதில் மெத்தனால் சாறு ஆரஞ்சுச் சிவப்பாக மாறியது, ஆகவே 510 முறையைத் தொடவில்லை.

மொத்த ஃபீனாலுக்கும் ஐசி50-க்கும் ஒட்டுறவு போட்டுக் கட்டுரையில் சேர்க்கலாமா?

#21 பியூரெட்

மூன்று சாறு, மூன்று புள்ளி. அதில் வரும் ஒட்டுறவுக்கு அர்த்தம் இல்லை, வேண்டாம். ஃபோலினும் டிபிபிஎச்-சும் இரண்டுமே எலக்ட்ரான் கொடுக்கும் திறனைத்தான் பார்க்கின்றன. ஒன்றோடொன்று ஒத்துப்போவதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. வேறு கோணம் வேண்டுமானால் கொழுப்பு ஆக்ஸிகரணத்தைப் பார்க்கும் ஒரு சோதனையைச் சேருங்கள்.

அதை விட முக்கியம், இதே எண்களைப் பூப்பொடிக் கணக்கில் மாற்றுங்கள். நீர் 83-ஐ விளைச்சல் 31 சதவீதத்தால் பெருக்கினால் ஒரு கிராம் பொடிக்கு 25.7 மி.கி. மெத்தனால் 108, 24 சதவீதம்: 25.9. இரண்டும் ஒன்றே! எத்தில் அசிட்டேட் வெறும் 2.7. பூவிலிருந்து ஃபீனாலை வெளியே எடுப்பதில் கொதிநீர் மெத்தனாலுக்குக் குறைந்ததில்லை, கூடவே சர்க்கரையையும் கோழையையும் அள்ளி வருகிறது, அவ்வளவுதான். சாறு கிராமுக்கு என்று மட்டும் எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஒவ்வொன்றையும் மும்முறை அளந்திருந்தால், அது ஒரே சாற்றை மூன்று குழாயில் ஊற்றியதா, மூன்று தடவை தனித்தனியாகச் சாறு எடுத்ததா? முதலாவது என்றால் அது பிப்பெட்டின் துல்லியம் மட்டும்.

#22 கரிசல்மேடு

ஒரே சாறு, மூன்று குழாய். மூன்று தனிச் சாறு எடுத்துத் திரும்பச் செய்கிறேன். எச்பிஎல்சி-க்கும் (சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை) கொடுக்கலாம் என்று இருக்கிறேன். குவெர்செட்டின், கேம்ஃபெரால், காலிக் அமிலம் ஸ்டாண்டர்டு மூன்றும் இருக்கிறது.

#23 நிறமாலை

கொடுக்கும் முன்: செடியில் ஃபிளேவனால் பெரும்பாலும் சர்க்கரை ஒட்டிய கிளைக்கோசைடாக இருக்கும். வெறும் குவெர்செட்டின் ஸ்டாண்டர்டு வைத்துத் தேடினால் பீக் இருக்காது, 'குவெர்செட்டின் இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். சாற்றில் பாதியை 50 சதவீத மெத்தனாலில் 1.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும்படி 90 டிகிரியில் 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்து சர்க்கரையைக் கழற்றுங்கள். மற்ற பாதியை அப்படியே ஓட்டுங்கள். இரண்டு குரோமட்டோகிராமையும் மேலும் கீழுமாக வைத்தால் எந்த பீக் எதுவாக மாறியது என்று தெரியும். 0.22 மைக்ரான் வடிகட்டி, சி18 காலம் (பிரிப்புக் குழாய்), 0.1 சதவீத ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும். காலிக் அமிலத்துக்கு 280, ஃபிளேவனாலுக்கு 360 நானோமீட்டர். அமிலம் சேர்த்த சாற்றை நடுநிலையாக்காமல் காலத்தில் விடாதீர்கள்.

#24 குவெட்

காலிக் அமில ஸ்டாண்டர்டு என்றதும் ஒன்று கேட்க விட்டுப்போனது. பாட்டிலில் மோனோஹைட்ரேட் என்று இருக்கிறதா பாருங்கள். நீரற்றது 170.12, மோனோஹைட்ரேட் 188.13. நீரற்றது என்று நினைத்து நிறுத்திருந்தால் எல்லா ஃபீனால் எண்ணையும் 0.904-ஆல் பெருக்க வேண்டும்.

#25 கரிசல்மேடு

மோனோஹைட்ரேட்தான். நீர் 75, மெத்தனால் 97.6, எத்தில் அசிட்டேட் 55.1. புதுச் சாறுகள் வந்ததும் இந்த அட்டவணையை மாற்றிப் போடுகிறேன்.